தபால்பெட்டி வங்கிகளும் வங்கியற்ற தீவும்

பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, 21 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது நவூரு. அதிகாரபூர்வமான தலைநகர்கூட இல்லாத இக்குடியரசின் மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. 1990-களில் இத்தீவில் பதிவுபெற்றிருந்த வங்கிகளோ சுமார் 400. அவை அனைத்துக்கும் முகவரி ஒன்றே: அரசின் ஒரு தபால்பெட்டி. அதே தீவில் அடுத்த பத்தாண்டுக்குள், ஆசிரியரோ மீனவரோ தம் பணத்தைப் போட்டுவைக்க ஒரு வங்கிகூட இல்லாமற்போனது. முதற்செய்தியை வியப்போடு சொல்பவர் பலர். இரண்டாவதைச் சொல்பவர் சிலரே.

நவூருவின் செல்வம் பாஸ்பேட். 1968-இல் விடுதலை பெற்றபின் சில காலம் உலகின் பெருஞ்செல்வ நாடுகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. தாது வற்றியது, அதன் வருவாயைச் சேமித்த அறக்கட்டளை நிதியும் தவறான முதலீடுகளில் கரைந்தது. அகழ்ந்து தீர்த்த நிலத்தில் விற்பதற்கு எஞ்சியது இறையாண்மை மட்டுமே. வங்கி உரிமங்கள் அதன் ஒரு வடிவம்.

கட்டடமில்லை, எழுத்தரில்லை, பெட்டகமில்லை. ஓர் உரிமத் தாள் மட்டும் உண்டு. ஆனால் உரிமத் தாளால் ஒரு டாலரைக்கூட நகர்த்த இயலாது. அதற்கு மெய்யான வங்கியொன்றில், பெரும்பாலும் நியூயார்க்கில், அத்தாள்வங்கிக்குக் கணக்கு இருக்கவேண்டும். 1999-இல் வெளிப்பட்ட பேங்க் ஆஃப் நியூயார்க் விவகாரத்தில் ரஷ்யாவிலிருந்து ஏறத்தாழ 700 கோடி டாலர் அவ்வங்கிக் கணக்குகள் வழியே பாய்ந்தது. அதில் பயன்பட்ட சினெக்ஸ் என்னும் வங்கி நவூருவில் பதிவானது. 1998-இல் மட்டும் நவூரு வங்கிகளின் பெயரில் 7,000 கோடி டாலர் வெளியேறியதாக ரஷ்ய மத்திய வங்கி மதிப்பிட்டது.

தமிழ் நாளிதழ்கள் இக்குற்றத்தைச் ‘சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்’ என்று எழுதுகின்றன. சிலர் ‘பணமோசடி’ என்றே எழுதிவிடுகின்றனர். அது வேறு குற்றம். ‘பணச்சலவை’ என்னும் சொல்லே பொருத்தம். அது ஒரு கேள்வியை உடன்கொண்டு வருகிறது: சலவை என்றால் துறை எங்கே? துணியின் ஓரத்தில் இடும் சலவைக்குறி மட்டுமே நவூருவினுடையது. துவைத்த துறை நியூயார்க்கில் இருந்தது.

தண்டனை அவ்வாறு பங்கிடப்படவில்லை. பாரிஸிலிருந்து இயங்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2000 ஜூனில் 15 நாடுகளைக் கரும்பட்டியலில் சேர்த்தது. ரஷ்யாவும் அதில் இருந்தது; 2002-இல் நீங்கியது. நவூரு மீதோ 2001 டிசம்பரில் எதிர்நடவடிக்கைகள் ஏவப்பட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கருவூலமும் அதைப் பணச்சலவைக்கான முதன்மைக் கவலை என்று அறிவித்தது. தாள்வங்கிகளை ஒழித்தபின் 2005 அக்டோபரில்தான் பெயர் நீங்கியது. அமெரிக்க அறிவிப்பு விலக 2008 ஆயிற்று. நியூயார்க் வங்கி 2005-இல் 3.8 கோடி டாலர் செலுத்தி வழக்கு விசாரணையைத் தவிர்த்துக்கொண்டது. அதன் கதவுகள் ஒருநாளும் மூடப்படவில்லை.

தாள்வங்கிகளை ஒழித்தது தவறென்று எவரும் வாதிட முடியாது. உள்ளூர் மக்களுக்கென இருந்த பேங்க் ஆஃப் நவூரு நொடித்ததற்கும் கட்டுப்பாடுகள் மட்டுமே காரணமல்ல. அரசின் ஊதாரித்தனமே முதற்காரணம். வைப்புத்தொகைகள் அதனோடு மூழ்கின. ஆயினும் புதிய வங்கி ஏன் வரவில்லை என்பதற்கு விடை வேறு. கேஒய்சி, பரிமாற்றக் கண்காணிப்பு, சந்தேக அறிக்கை ஆகியவற்றின் செலவு வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கேற்பச் சுருங்குவதில்லை. 12,000 பேரிடம் ஈட்டும் ஆதாயம் அச்செலவுக்கே போதாது. அதற்குமேல் பழைய அவப்பெயர். எனவே வங்கிகள் ஆபத்தை அளந்து பார்ப்பதில்லை, ஒதுங்கிக்கொள்கின்றன. தீவு ரொக்கத்தில் வாழ்ந்தது. பணச்சலவையைத் தடுக்கும் விதிகள் மிகவும் அஞ்சுவது தடம் விடாத ரொக்கத்தைத்தான் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

2015-இல் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ வங்கி ஒரு முகமையைத் திறந்தது. பின்னர் அதுவும் வெளியேறுவதாக அறிவித்தது. 2024 தொடக்கத்தில் தைவானை விட்டுச் சீனாவுடன் உறவு பூண்ட நவூரு, பேங்க் ஆஃப் சைனாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அதன்பின் கான்பெராவுக்கு அத்தீவின் வங்கித் தேவை திடீரென விளங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் இரு நாடுகளும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பெண்டிகோவின் இடத்துக்குக் காமன்வெல்த் வங்கி வருவதாயிற்று. அவ்வுடன்படிக்கையின்படி, நவூருவின் வங்கித் துறையில் வேறொரு நாடு ஈடுபட வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் இசைவும் தேவை. ஒருகாலத்தில் 400 வங்கிகளுக்குத் தன் விருப்பப்படி உரிமம் வழங்கிய நாடு அது.