கடிகாரத்தின் மேல் போட்ட பழி

என் அக்கா மகனைச் சிங்கப்பூரின் உபின் தீவுச் சேற்றில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்தவன் நான். ஆனால் மூன்று வருடமாக எங்கள் குடும்பத்தில் அந்தப் பழியை ஒரு கைக்கடிகாரம் சுமக்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கயாக் ஓட்டுகிறவர்களுக்கு ஓதம் விளையாட்டில்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் நீர் ஏறக்குறைய மூன்று மீட்டர் ஏறி இறங்கும். இறங்குகிற ஆறு மணி நேரத்தில், நடுவில் உள்ள இரண்டு மணி நேரமே பாதித் தண்ணீரைக் கொண்டுபோய்விடும். மதியம் துடுப்புப் போட்ட ஓடை மாலையில் வெறும் சேறு. துறைமுக ஆணையம் வருடாவருடம் ஓத அட்டவணை வெளியிடுகிறது. பல வருடம் அதைப் பார்த்துத்தான் நானும் கடலில் இறங்கினேன்.

பிறகு எதற்கு ஓதம் காட்டும் கடிகாரம்? ஆசைதான். கறுப்பு முகப்பில் அலை மாதிரி ஒரு வளைவு, மூலையில் குட்டி நிலா. கூட வருகிறவர்கள் என் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். மடித்து வைத்த அட்டவணையை யார் பார்த்து மெச்சப் போகிறார்கள்?

கடையில் நான் கேட்டது இரண்டே கேள்வி: 200 மீட்டர் தண்ணீர் தாங்குமா, வேறு நிறம் இருக்கிறதா. கயாக்கில் போகிறவன் 200 மீட்டர் ஆழத்தில் இருந்தால் மணி பார்க்கும் நிலையிலா இருப்பான்? இந்த வளைவு எங்கிருந்து வருகிறது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும். சில கடிகாரங்களில் ஊர் ஊராக ஓதக் கணக்கை ஏற்றி வைத்திருப்பார்கள். சிலவற்றுக்கு நிலாவைத் தவிர ஒன்றும் தெரியாது. என்னுடையது இரண்டாவது வகை. நிலா உச்சிக்கு வந்து எத்தனை மணி நேரம் கழித்து நம் கரையில் நீர் முழுதாக ஏறுகிறது என்ற இடைவெளியை, ஊரின் தீர்க்கரேகையோடு சேர்த்து நாம்தான் பதிய வேண்டும். பதிந்தாலும், ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஓர் ஏற்றம் என்று எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வரைந்துவிடும். இங்கே ஒரு நாளின் இரண்டு வற்றமும் சமமில்லை. ஒன்று கொஞ்சம் இறங்கி நிற்கும், மற்றது அடிவரை இழுக்கும். வளைவைப் பார்த்தால் அது தெரியாது. தோராயத்துக்கு மட்டுமே, கடல் பயணத்துக்கு இதை நம்பாதீர்கள் என்று கையேட்டிலேயே இருந்தது. படித்தேன். வழக்குக்குப் பயந்து போட்ட வரி என்று பக்கத்தைப் புரட்டினேன்.

எதையும் பதியவும் இல்லை. மணியை மட்டும் சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பினேன். ஊர், ஆலையில் வைத்தபடியே தோக்கியோ.

டிசம்பர் பள்ளி விடுமுறை, பௌர்ணமி நாள். இரட்டை இருக்கைக் கயாக்கில் நானும் பதினைந்து வயதுப் பையனும். பன்னிரண்டரைக்கு உபினின் அலையாத்திக் காட்டு ஓடை வாயில் நின்றோம். தண்ணீர் வேர்களை மூடி நிறைந்து கிடந்தது. கடிகாரத்தில் வளைவு அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. இவ்வளவு நிறைந்த பிறகு இன்னும் எங்கே ஏறும்? கண் கேட்ட கேள்வியை மனம் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே சம்பான் படகில் வந்த மலாய்ப் பெரியவர், "ஆயர் சூரூட்!" என்று குரல் கொடுத்தார். நீர் வற்றுகிறது என்கிறார். நான் சிரித்துக்கொண்டே கையை உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஓடைக்குள் போனோம். மூன்று மணிக்குத் தரை தட்டியது. இறங்கித் தள்ளலாம் என்று பையன் காலை வைத்தான், முழங்கால் வரை புதைந்தது. இழுத்து ஏற்றினேன், ஒரு செருப்பு உள்ளேயே போயிற்று. அப்புறம் காத்திருப்புதான். ஒரு பாட்டில் தண்ணீர், பாதி ரொட்டிப் பொட்டலம், கணக்கில்லாத கொசு. கடிகாரத்தில் வளைவு உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தது, கயாக்கின் அடியில் நண்டுகள் நடந்துகொண்டிருந்தன. இருட்டியது, நிலா வந்தது. எட்டு மணிக்கு மேல்தான் கயாக் அசைந்தது.

அழாமல் இருந்தான் பையன். ஐந்து மணிக்கே கைபேசியில் அந்தக் கடிகாரத்தின் கையேட்டைத் தேடிப் படித்து, "மாமா, இதில் தோக்கியோ என்று இருக்கிறதே" என்றான். கோபமாக அல்ல, ஒரு கணக்குக்கு விடை கிடைத்த குரலில்.

அக்கா வாசலிலேயே நின்றாள். "கடிகாரம் கோளாறு அக்கா, தப்பாகக் காட்டிவிட்டது" என்றேன். அது பயத்தில் வந்த பொய், மன்னிக்கலாம். அடுத்த சனிக்கிழமை செய்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுபோனேன், உயிர் போகவிருந்தது என்று குரலை உயர்த்தினேன். கடைக்காரப் பெண்மணி பதறி, மன்னிப்புக் கேட்டு, முழுப் பணத்தையும் திருப்பித் தந்தார். எண்ணி வாங்கிக்கொண்டேன். பையன் பக்கத்தில் நின்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மற்ற கடிகாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் தன் நண்பர்களோடு கயாக்கில் போகிறான். கிளம்பும் முன் அட்டவணையைப் பார்த்து, அன்றைய ஏற்ற, வற்ற நேரங்களை ஒட்டுநாடாவில் எழுதிக் கயாக்கின் மேல் ஒட்டிக்கொள்கிறான். என்னைக் கூப்பிடுவதில்லை.

கல்யாண வீடுகளில் அக்கா இன்னும் அந்தக் கதையைச் சொல்கிறாள், காசு கொடுத்து வாங்கிய பொருள் கழுத்தை அறுத்தது என்று. அக்கா, கடிகாரத்தில் ஒரு கோளாறும் இல்லை. உன் மகனைக் கேள், அவனுக்கு அன்றைக்கே தெரியும்.