கட்டுப் போட்ட கை

ஃபிலிப் கே. டிக்கின் ‘ஸெகண்ட் வெரைட்டி’ கதையை முதல் தடவை படித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ஒரு தொகுப்பில் இருந்தது. யந்திரங்கள் மனிதனை வேட்டையாடும் கதை என்று படித்து மறந்தும் போனேன். மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

1953இல் வெளிவந்த கதை. அமெரிக்காவுக்கும் ஸோவியத்துக்கும் நடந்த அணுயுத்தத்தில் பூமி சாம்பலாகிக் கிடக்கிறது. தோற்கும் நிலையிலிருந்த அமெரிக்கத் தரப்பு கொலை யந்திரங்களை உண்டாக்கி விடுகிறது. நிலத்தடித் தொழிற்சாலைகளில் அவை தம்மைத் தாமே பெருக்கிக்கொள்கின்றன. முதலில் கத்திகள் சுழலும் உலோக உருண்டைகள். பிறகு, யாரும் சொல்லாமலே, மனித உருவம் எடுக்கின்றன. என்ன உருவம் என்பதில்தான் கதை இருக்கிறது. முதல் ரகம், காயம்பட்ட சிப்பாய். மூன்றாவது, கரடிப் பொம்மையை அணைத்துக்கொண்டு நிற்கும் சிறுவன், டேவிட். இரக்கப்பட்டு ஒருவனைப் பதுங்குகுழிக்குள் விட்டால் அவன் பின்னால் டேவிட்கள் கூட்டமாக நுழைகிறார்கள். இரண்டாவது ரகம் எது என்று யாருக்கும் தெரியாது.

சினிமாவில் எதிர்ப்பு சுலபம். 1984இல் வந்த ‘டெர்மினேட்டர்’ படத்தில் அணுயுத்தத்துக்குப் பின் எஞ்சியவர்கள் நாய்களை வைத்து யந்திரத்தை அடையாளம் காண்கிறார்கள். நாய் குரைத்தால் சுட வேண்டியதுதான். டிக்கின் மனிதர்களிடம் நாய் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். க்ளௌஸ் என்பவன், நீதான் இரண்டாவது ரகம் என்று கூட இருந்த ரூடியைச் சுட்டுவிடுகிறான். உள்ளே பல்சக்கரம் இல்லை. ரத்தமும் சதையும்தான்.

இந்தக் கதை எனக்குத் திரும்ப வந்தது ஒரு ரயில் நிலையத்தில். பத்து வயதுப் பையன் ஒருவன், கையில் கட்டுடன், என் முன்னால் வந்து நின்றான். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைப் பார்த்தேன். துணி அழுக்கு. ரத்தக் கறை இல்லை. இவனுக்குப் பின்னால் ஆள் இருப்பான், ஒருவனுக்குக் கொடுத்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. என் பார்வை போன இடத்தைப் பையன் கவனித்திருக்க வேண்டும். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

ரயில் கிளம்பிய பிறகு டேவிட் ஞாபகம் வந்தது. பதுங்குகுழிக்காரர்களை அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு அணுயுத்தம் தேவைப்பட்டது. எனக்கு நகர வாழ்க்கையே போதுமானதாக இருந்திருக்கிறது.

சந்தேகமே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாக ஸோவியத் எச்சரிக்கைக் கருவிகள் அறிவித்தன. பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் நம்பவில்லை. யுத்தம் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தை அனுப்ப மாட்டான் என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்ட சூரிய ஒளி செயற்கைக்கோளை ஏமாற்றியது பிறகு தெரிந்தது. அவர் சந்தேகப்பட்டது யந்திரத்தை. கண்ணால் கண்டிராத எதிரிக்குக் கொஞ்சம் புத்தி இருக்கும் என்று நம்பினார்.

டிக்கிடம் இந்த ஆறுதல் கிடையாது. மேஜர் ஹெண்ட்ரிக்ஸ் கடைசியில் டாஸோ என்ற பெண்ணை நம்பி, சந்திரனுக்குப் போகும் ஒரே ராக்கெட்டைக் கொடுத்துவிடுகிறான். அந்த இரண்டாவது ரகம் அவள்தான். சந்திரனில் இருக்கும் மிச்ச மனிதர்களுக்கும் இனி தப்பில்லை. அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் என் புத்தி சொல்கிறது.

ஆனால் முன்பு கவனிக்காத ஒன்றை, ரயில் நிலையத்துக்குப் பிறகு படித்தபோது கவனித்தேன். ரூடியைச் சுட்ட க்ளௌஸும் யந்திரம்தான். இவன் மனிதனா என்று சோதிக்கத் துப்பாக்கியைத் தூக்கியது மனிதன் அல்ல.

அன்று அந்தப் பையனின் கட்டில் ரத்தக் கறை தேடிய கண் எதனுடையது என்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.