முழங்கைக் கணக்கு

கணக்கு உபாத்தியாயர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. உலகத்தில் எந்தக் காரியமும் நீளம், அகலம், உயரம் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று நினைத்துக் கொள்வார்கள். ஓசூரில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வரும் எனக்கும் அந்தக் கர்வம் இருந்தது. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுச் சமையலறையிலே அது உடைந்தது. உடைந்த விதத்தைச் சொல்லுகிறேன்.

முதலில் உடைந்தது கர்வமல்ல, அலமாரி. ஏழு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குக் குடி வந்தபோது, ஒரு கம்பெனிக்காரர் வந்து சமையல் மேடைக்குக் கீழே பளபளவென்று அலமாரிகளைப் பொருத்திவிட்டுப் போனார். கண்ணாடி போல் முகம் தெரியும். ஆனால் உள்ளே இருந்தது மரமல்ல. மரத்தூளையும் சிராய்களையும் பசை போட்டு அழுத்திய பலகை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் கசிய ஆரம்பித்தது. அந்தப் பலகை தண்ணீரைக் குடித்து வீங்கிற்று. இந்த ஜாதிப் பலகை ஒரு தடவை வீங்கினால், பிறகு எத்தனை வெயிலில் காய்ந்தாலும் பழைய உருவத்துக்குத் திரும்பாது. ஒரு நாள் காலை துவரம்பருப்பு டப்பாவோடு அடித்தட்டு பெயர்ந்து, என் சகதர்மிணியின் காலுக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தது.

புதிதாகச் செய்து தர விலை கேட்டோம். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு நான் சிறிது நேரம் உட்கார வேண்டியதாயிற்று. "நாமே சாமான் வாங்கி நாமே செய்துவிட்டால் என்ன? எல்லாம் பெட்டிதானே!" என்றேன்.

"செய்யுங்கள். ஆனால் வாங்கப் போகும்போது என்னையும் அழைத்துப் போங்கள்" என்றாள் அவள்.

பெங்களூரில் நாகசந்திராவில் ஐக்கியா என்னும் ஸ்வீடன் தேசத்துக் கடை 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. பஸ்ஸும் மெட்ரோ ரயிலுமாக நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ச் சேர்ந்தோம். சமையலறைகளை அங்கே நாடக மேடையில் ஜோடித்தது போல வரிசையாக அமைத்திருக்கிறார்கள். நான் அளவு நாடாவை எடுத்தேன். பெட்டி 80 சென்டிமீட்டர், கால் 8, மேலே 2 சென்டிமீட்டர் கல் போட்டால் மொத்தம் 90. "நம் வீட்டு மேடையும் இதே 90 தான்! சரியாகப் பொருந்தும்" என்று சந்தோஷத்துடன் திரும்பினேன்.

என் மனைவி ஒரு மேடையின் முன்னால் நின்று, இல்லாத பலகையில் இல்லாத சப்பாத்தியை இட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள்கள் இரண்டும் காது வரையில் ஏறியிருந்தன.

"ஆமாம், நம் வீட்டு உயரந்தான். இங்கேயும் மணை போட்டுக்கொள்ள வேண்டும்" என்றாள்.

அப்பொழுதுதான் எனக்கு மணையின் ரகஸ்யம் விளங்கிற்று. எங்கள் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் எப்போதும் ஒரு மணை கிடக்கும். இரவில் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதில் காலை இடித்துக்கொண்டு, "உட்காருகிற மணையை வழியில் போட்டு வைப்பானேன்?" என்று ஏழு வருஷமாக நான் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அது உட்காருவதற்கல்ல, ஏறி நிற்பதற்கு! நான் ஐந்தடி பதினோரு அங்குலம். அவள் நாலடி பதினோரு அங்குலம். அவளுடைய தோள் வலிக்காக மாதந்தோறும் தைலம் வாங்கி வந்தவனும் நானேதான். தைலத்துக்கும் மணைக்கும் உள்ள சம்பந்தம் கணக்கு உபாத்தியாயரின் புத்திக்கு எட்டவில்லை.

நேயர்கள் என்னை மட்டும் நிந்திக்க வேண்டாம். எனக்கு ஒரு பெரிய துணை இருக்கிறது. மேடையும் அலமாரியும் ஒன்றாக இணைந்த இந்தக் காலத்துச் சமையலறைக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லப்படுவது, 1926-இல் ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகரில் பிறந்த சமையலறை. அதை வகுத்தவர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரிய மாது. ரயில் வண்டியின் சமையல் அறையைப் பார்த்து, வீட்டுப் பெண்கள் எத்தனை அடி நடக்கிறார்கள், எத்தனை விநாடி வீணாகிறது என்று கணக்கிட்டு, சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமான சிறு இடத்தில் எல்லாவற்றையும் அடக்கினார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. பின்னால் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற தீரப் பெண்மணி அவர். நூறு வயதைத் தாண்டி 2000-இல் காலமானார். அத்தகையவரே, அந்தச் சமையலறையை வகுக்கும் வரையில் தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்! ஆயினும் அவர் சமைப்பவர்களைக் கவனித்துப் பார்த்தார். நான் அதுகூடச் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களைப் புரட்டினேன். நின்றுகொண்டு வேலை செய்கிற மேடை, முழங்கை உயரத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது இதற்குச் சூத்திரம். எங்கள் பெண் தன் தாயாரைச் சுவரோரமாக நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி அளந்தாள். முழங்கை 94 சென்டிமீட்டரில் இருந்தது. ஆகவே மேடை 81. ஒன்பது சென்டிமீட்டர் தாழ்த்த வேண்டும். கிட்டத்தட்ட அந்த மணையின் உயரம்!

இனி ஆயத்தப் பெட்டிகள் உதவாது. பலகை வாங்கி அறுக்க வேண்டியதுதான். பெங்களூரில் லால்பாக் பக்கத்திலுள்ள சித்தையா ரோடுக்குப் போனோம். சமையலறைக்கு வேண்டியது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்ட பிளைவுட். 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டாலும் அதன் ஏடுகள் பிரியக்கூடாது என்பது விதி. சாம்பார்கூட அவ்வளவு கொதிப்பதில்லை. ஆனால் ஒரு கடையில் தொட்ட பலகையெல்லாம் "710 தான் ஸார்!" என்றார்கள். முத்திரையில் ஐ.எஸ்.ஐ. குறியோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும். தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரியும். நான் எண்ணைக் கேட்டதும் கடைக்காரருக்கு அவசரமாக ஒரு டெலிபோன் வந்துவிட்டது. அடுத்த கடையில் எண் சரியாயிருந்தது, வாங்கினோம்.

எட்டுக்கு நாலடிப் பலகை என்பது 244-க்கு 122 சென்டிமீட்டர். எங்கள் பெட்டியின் பக்கப் பலகை 69 உயரம், 56 ஆழம். நீளத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு, ஆக ஒரு பலகையில் ஆறு. இவ்விதம் கணக்கிட்டு, ஐந்து பெட்டிகளுக்கும் கதவுகளுக்கும் 18 மில்லிமீட்டர் பலகை நாலும், முதுகுக்கு 6 மில்லிமீட்டர் பலகை ஒன்றும் போதுமென்று கண்டேன். 69-உடன் கால் 10, கல் 2, மொத்தம் 81. இந்தக் கணக்கில் மட்டும் நான் தவறவில்லை.

தொட்டிக்குக் கீழே என்ன செய்வது என்ற பிரச்னையை என் மனைவி தீர்த்தாள். "எங்கள் அம்மா வீட்டில் கடப்பாக் கல்தானே? நாற்பது வருஷமாக அப்படியே இருக்கிறதே!" என்றாள். வாஸ்தவம். ஆந்திர தேசத்துக் கடப்பையிலிருந்து வரும் அந்தக் கறுப்புப் பலகைக் கல்லைச் செல் அரிக்காது. தண்ணீர் வீங்க வைக்காது. நாகரிகம் என்று நினைத்து நாம் கைவிட்ட சாமான் அது. தண்ணீர் புழங்கும் இடத்தில் கல், மற்ற இடத்தில் மரம் என்று முடிவாயிற்று.

மேடைக் கல்லுக்காக ஆனேக்கல் தாண்டி ஜிகணிக்குப் போனோம். எங்கள் கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே கிரானைட் வெட்டுகிறார்கள். நாங்களோ எல்லை தாண்டிப் போய், அங்கே மெருகேறி நின்ற கற்களுள் ஒன்றைப் பொறுக்கி, அத்திப்பள்ளி வழியாகக் கொண்டு வந்தோம். முன்னெல்லாம் எல்லையில் விற்பனை வரிச் சாவடியில் லாரிகள் காத்துக் கிடக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஓசூர்க்காரர்களுக்குச் சாமான் ஒரு ராஜ்யத்தில், வீடு ஒரு ராஜ்யத்தில் என்பது பழகிப்போன விஷயம்.

பலகையை அறுத்து விளிம்பு ஒட்டித் தந்த ஆசாரி, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர். விளிம்பை மூடாவிட்டால் எந்தப் பலகையும் தண்ணீர் குடிக்கும் என்று எனக்குப் பாடம் சொன்னவர் அவர்தான். கதவுக் கீலுக்கு 35 மில்லிமீட்டர் வட்டத் துளை போட வேண்டும். அதை நானே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். முதல் கதவில் வெளிப்பக்கத்திலேயே துளை போட்டுவிட்டேன். ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை; துளைக் கருவியை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். அந்தக் கதவு இப்போது எங்கள் மொட்டை மாடியில் வடாம் காயப் போட உபயோகப்படுகிறது.

பழைய மேடையைக் கொத்தனார் எடுத்தார். பதினெட்டு நாள் கூடத்தில் சமையல். முடிந்த அன்று என் மனைவி மேடையின் முன் நின்று சப்பாத்தி இட்டாள். தோள்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மணையை எடுத்துக் கழுவி, கூடத்தில் சுவரோரமாகச் சாத்தி வைத்தாள்.

தைலம் வாங்கி இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. ஆனால் இந்தக் கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. கோடை விடுமுறையிலிருந்து இரவில் பாத்திரம் கழுவுவது என் பொறுப்பாகியிருக்கிறது. 81 சென்டிமீட்டர் மேடையில் ஐந்தடி பதினோரு அங்குலக்காரன் குனிந்து கழுவினால் இடுப்பு என்ன பாடு படும்! சென்ற வாரம் இதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டேன்.

"என் உயரத்துக்கு மணை இருந்தது. உங்களுக்குத் தரையில் பள்ளம் தோண்டச் சொல்லட்டுமா?" என்றாள் என் சகதர்மிணி.

வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தேன்.