கபில நிறப் போத்தல்

போத்தலின் நிறத்தைப் பற்றி எழுதுவதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அதிலும் அப்போத்தலில் அடைக்கப்படுவது பியர் என்றறிந்தால் மதுவிலக்கு அன்பர்கள் முகஞ் சுளிப்பர். மதுவுக்காக வாதாடுவது எமது நோக்கமன்று. ஒரு பொருளைத் தன் தேவைக்கென ஆக்குபவன் அதற்குரிய கலத்தைத் தெரிவு செய்யும் விதமும், அதே பொருளை விலைப்படுத்தவென ஆக்குபவன் தெரிவு செய்யும் விதமும் எத்துணை வேறுபட்டவை என்பதை இச்சிறு விடயம் எமக்குத் தெளிவாக்கிற்று.

இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றில் நாம் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, அங்கு நட்பான ஓர் ஆசிரியர் தம் வீட்டு அடுக்களையிலேயே பியர் தயாரிப்பதைக் கண்டோம். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, அச்சாற்றை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் இட்டுப் புளிக்க விடுவார். இரண்டு வாரமளவில் அது போத்தலுக்குத் தயாராகும். போத்தல்களை அவர் விலைகொடுத்து வாங்குவதில்லை. அயலாரும் மதுச்சாலைக்காரரும் கழித்த வெற்றுப் போத்தல்களே அவருக்குப் போதும். ஆயின் அக்குவியலில் கண்ணைப் பறிக்கும் பச்சையையும், பளிங்கு போன்ற வெள்ளையையும் ஒதுக்கிவிட்டு, எமது ஊர் மருந்துச்சாலையில் காணும் அழகற்ற கபில நிறப் போத்தல்களையே அவர் பொறுக்கி எடுத்தார்.

காரணம் கேட்டோம். அவர் விடை சொல்லாது, ஒரே பீப்பாயிலிருந்து இரு கண்ணாடிக் குவளைகளை நிரப்பி, ஒன்றை அலுமாரிக்குள்ளும் மற்றதை வெயில் விழும் யன்னலோரத்திலும் வைத்தார். அரை மணி நேரத்தின் பின் இரண்டையும் முகரச் செய்தார். யன்னலோரக் குவளையில் எழுந்த நாற்றத்தை விவரிப்பது எளிதன்று. அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு விலங்கு தன் பகைவர்மீது பீய்ச்சும் நீரின் நாற்றத்தோடு அதனை ஒப்பிடுவர். வெளிச்சம் பியரைக் கெடுப்பதை 1875இலேயே கார்ல் லின்ட்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர் குறித்துள்ளார். அதன் விளக்கம் முழுமை பெற்றது 2001இல், அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்து மல்கம் போர்ப்ஸ் முதலியோரின் ஆய்வினாலாகும். பியரிலுள்ள ரைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்து நீல ஒளியை உறிஞ்சுகிறது. அச்சக்தியால் ஹொப்ஸ் தரும் கசப்புப் பொருள் சிதைகிறது. சிதைந்த கூறு கந்தகத்தோடு சேர்ந்து அந்நாற்றமாகிறது. இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாற்கூட மனித மூக்கு அதனை இனங்கண்டுவிடும். தீமை விளைப்பது ஏறக்குறைய 500 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி. இரும்பும் கந்தகமும் காபனும் சேர்ந்து நிறந்தரும் கபிலக் கண்ணாடி அவ்வொளியிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பச்சைக் கண்ணாடி கணிசமான நீல ஒளியை உள்ளே விடும்; வெள்ளைக் கண்ணாடியோ எதனையும் தடுப்பதில்லை எனலாம்.

இத்தனையும் அறிந்த பின்னரும் பெருநிறுவனங்கள் பச்சையையும் வெள்ளையையும் கைவிட்டனவா? இல்லை. ஹைனகன் இன்றும் பச்சையிலேயே வருகிறது, கொரோனா வெள்ளையில். பச்சை நிறம் உயர்ந்த சரக்கின் அடையாளமாக்கப்பட்டுவிட்டது. கெட்டுப்போன மணத்தையே அதன் இயல்பான மணமென நம்பிக் கூடுதல் விலை கொடுப்போரும் உளர். மில்லர் நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. போத்தலை மாற்ற மனமின்றி, ஒளிக்குச் சிதையாதவாறு ஹொப்ஸின் கசப்புப் பொருளையே இரசாயன முறையில் மாற்றியமைத்தது. சரக்குக்காகக் கலம் என்பது போய்க் கலத்துக்காகச் சரக்கு என்றாயிற்று! விஞ்ஞானத்தை நாம் குறை கூறவில்லை. அதனை ஏவியது எது என்பதே எமது கேள்வி.

தொழிலாளி தன் வீட்டிலேயே பியர் ஆக்கிய காலமொன்று அந்நாட்டில் இருந்தது. வாற்கோதுமை முளைக்கும் ஹொப்ஸுக்கும் விதித்த வரிகளே அவ்வழக்கத்தை அழித்தன என 1821இல் வெளிவரத் தொடங்கிய தமது 'குடிசைப் பொருளாதாரம்' என்னும் நூலில் வில்லியம் கொபெற் சீறினார். பியர் நீங்கிய இடத்தைத் தேநீர் பிடித்தது; அதையும் அவர் வெறுத்தார். (பின்னாளில் அத்தேநீருக்கு எமது மலையகத் தோழர்கள் கொழுந்து பறித்து எவ்வளவு கூலி பெற்றனர் என்பது வேறு கதை.) வீட்டில் பியர் ஆக்க அனுமதிப்பத்திரம் வேண்டுமென்ற விதி 1963இல்தான் நீங்கியது. தன் தேவைக்கு ஆக்கலாம், விற்கலாகாது என்பதே இன்றும் அங்குள்ள நிலை. விற்பனை இல்லாதவிடத்துக் கண்ணைக் கவரும் போத்தலுக்கும் வேலையில்லை.

நிறம் மட்டும் போதாது என்பதையும் அந்நண்பர் சொன்னார். மூடுமுன் லீற்றருக்கு 6 கிராம் அளவில் சீனி இடுவர். மூடியபின் மதுவம் அதனை உண்டு வாயுவை வெளிவிடும். சீனி மிகுந்தாலோ, புளிப்பு முற்றுமுன் மூடினாலோ மெல்லிய போத்தல் வெடித்துக் கையைக் கிழிக்கும். ஆகவே கனத்த கண்ணாடி, கீறலற்ற விளிம்பு, தகர மூடி இறுகப் பற்றும் வாய் ஆகியவற்றை விரலால் தடவிப் பார்த்தே எடுப்பார். கபிலப் போத்தலையும் வெயிலில் வைக்கமாட்டார். கபிலம் போதாத வேளைகளில் பச்சைப் போத்தல்களையும் நிரப்புவதுண்டு. அவற்றை மாடிப்படியின் கீழுள்ள இருட்டில் சாக்கால் போர்த்தி வைத்து, முதலில் அவற்றையே குடித்து முடிப்பார்.