நிற்கத் தெரிந்தபின் ஓட்டம்

கலிஃபோர்னியாவின் மாண்டரே நகருக்கருகே, குன்றுகளிடையே 1957இல் திறக்கப்பட்டது லகுனா சேகா பந்தயப் பாதை. மேடேறிச் சென்றதும், 'கார்க்ஸ்க்ரூ' வளைவில் பாதை திடீரென 18 மீட்டர் சரிகிறது.

1960களின் அமெரிக்க 'மசில் கார்'களைப் பந்தயப் பாதையில் ஓட்ட விழைவோர், வேகத்திற்கு முன் நிறுத்தத்தையே சீர்செய்ய வேண்டும். பிரேக் திரவம் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சும். புதிதாயிருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் 'டாட் 3' திரவம், ஈரமேறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். ஆவிக்குமிழ்கள் அழுத்தத்தில் சுருங்க, மிதி தரையைத் தொடும், வண்டியோ நிற்காது. ஆகவே புதுத் திரவம் இடுவதும், ரேடியேட்டரின் அடைப்பை நீக்குவதும், இறுதிச் சுற்றை மெதுவாக ஓட்டிச் சூட்டைத் தணிப்பதும் இன்றியமையாதன.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரன்றோ தவக்குல்! உங்கள் வாகனத்தின் பிரேக் திரவத்தை எப்போது மாற்றினீர்கள்? பிள்ளைகளை ஏற்றுமுன் பாருங்கள், உயிர் அமானிதமாகும்.