பாட்டுக்குப் போட்ட பூட்டு

பாடாதே என்று யாராவது தடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் மேடையேறிப் பாடுகிறவள் அல்ல. விளக்கேற்றும்போது இரண்டு பாட்டு, பால் காயும்போது ஒரு பாட்டு, அவ்வளவுதான். அதையும் நிறுத்திவிட்டால் வீடே வெறிச்சென்று ஆகிவிடும் எனக்கு. அதனால்தானோ என்னவோ, ஹில்டெகார்ட் அம்மையாரின் கதை என் மனத்தை விட்டு அகலவே இல்லை.

1098-ல் பிறந்த அவர், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில், பிங்கன் என்ற ஊருக்கருகே ஒரு கன்னியர் மடத்தின் தலைவி. அங்கே பாட்டுத்தான் முதல் வேலை. இரவில் ஒரு முறை, பகலில் ஏழு முறை கோயிலில் கூடி, பைபிளில் உள்ள சங்கீதங்களை லத்தீனில் பாடுவார்கள். 150 சங்கீதங்களும் ஒரே வாரத்தில் முடிய வேண்டும். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து! தாளக்கட்டு கிடையாது. ஒரு பக்கத்தார் ஓர் அடி பாட, எதிர்ப் பக்கத்தார் அடுத்த அடியை எடுப்பார்கள். அம்மையார் தாமும் எழுபதுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றி மெட்டமைத்தார்.

1178-ல் வந்தது சோதனை. மடத்து மயானத்தில் ஒரு பிரபுவை அடக்கம் செய்தார்கள். அவர் ஒரு காலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். உடலைத் தோண்டி அப்புறப்படுத்தும்படி மைன்ஸ் நகரத்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சாகுமுன் அவர் பாவமன்னிப்புப் பெற்றுவிட்டாரே என்று அம்மையார் மறுத்துவிட்டார். தண்டனை என்ன தெரியுமா? பூசையும் கிடையாது, பாட்டும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் வாசிக்கலாம், அவ்வளவே. பாட்டை இழந்தாலும் இழப்போம், இறந்தவரை அவமதிக்க மாட்டோம் என்று இருந்துவிட்டார்கள் அந்தப் பெண்கள்.

வாசித்தால் என்ன, பாடினால் என்ன என்கிறீர்களா? எண்பது வயதில் அந்த அம்மாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதம்தான் அதற்குப் பதில். பாவம் செய்யுமுன் ஆதாமின் குரல் தேவதூதர்களின் குரலோடு இசைந்திருந்ததாம். இழந்துவிட்ட அந்த இனிமையை நமக்கு நினைவூட்டுவது பாட்டு. தக்க காரணமின்றி அதை அடக்குகிறவர்களுக்கு மேலுலகத்துப் பாட்டில் பங்கு கிடைக்காது என்று எச்சரித்தார்!

1179-ல் தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 17-ல் அவர் காலமானார். 2012-ல் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் வரிசையில் சேர்த்தார்.

அவருடைய பாடல்கள் இசைத்தட்டுகளில் வந்திருக்கின்றன. மொழி புரியாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண்கள் பேரும் புகழுமா கேட்டார்கள்? இன்றைக்கு உரிய சங்கீதத்தை இன்றைக்கு வாய்விட்டுப் பாட வேண்டும் என்றார்கள். அதைக் கேட்கவே எத்தனை தைரியம் வேண்டியிருந்தது, பாருங்கள்!