வசூல் ராஜா இல்லை... ஸ்டேப்ளர் ராஜா!

எங்க ஹாஸ்டல் ரூமில் ஒரு சட்டம் உண்டு. படம் எப்படின்னு யாரும் கேட்கக் கூடாது. 'எவ்ளோ வசூல்?' - அதுதான் முதல் கேள்வி. வெள்ளிக்கிழமை மத்தியானமே முதல் ஷோ ரிசல்ட் வந்துடும். ஞாயிறு ராத்திரிக்குள்ள ஹிட்டா, ஊத்தலான்னு தீர்ப்பு எழுதிடுவோம். ஊத்திக்கிச்சுன்னா அந்த ஹீரோவோட ரசிகனை மெஸ்ஸில் நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விட மாட்டோம். மூணு அரியர் வெச்சிருக்கிறவனுக்குக்கூட தியேட்டர் பங்கு எவ்ளோ, விநியோகஸ்தர் பங்கு எவ்ளோன்னு தலைகீழா தெரியும்!

அப்படிப்பட்ட ரூமிலிருந்து வந்த நான், ஒரு ஃப்ளாப் படத்துக்கு வக்கீலா மாறின கதை இது.

போன லீவில் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப். கழுத்துல கலர் கயிறு, அதுல ஐ.டி. கார்டு. ஊருக்குப் போன் பண்ணி 'ஏ.சி. குளிரு தாங்கலம்மா'னு சீன் எல்லாம் போட்டேன். ரெண்டாவது வாரம்தான் சங்கதி புரிஞ்சது. செய்யற வேலை ரெண்டு மணி நேரம்தான். அந்த வேலையைச் செஞ்சேன்னு டைம்ஷீட்டில் எழுதறது தனி வேலை. ஒருநாள் அதை நிரப்ப மறந்துட்டேன். டீம் லீட்கிட்டேயிருந்து ஒரு மெயில். அவருக்கு மேலே இருக்கிறவர்கிட்டேயிருந்து ஒரு மெயில். மதியம் ஹெச்.ஆர்.லேயிருந்து ஒருத்தர் நேர்லயே வந்து, 'மெயில் பார்த்தீங்களா?'ன்னு ரொம்ப அன்பா கேட்டார்.

பக்கத்து சீட் அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். 'தம்பி, ''ஆபீஸ் ஸ்பேஸ்'' பார்த்திருக்கியா? இன்னிக்கு நைட்டே பாரு'ன்னார்.

பழக்கதோஷம்... முதல்ல வசூலைத்தான் பார்த்தேன். 1999 பிப்ரவரி 19-ம் தேதி அமெரிக்காவில் ரிலீஸ். டைரக்டர் மைக் ஜட்ஜ். பட்ஜெட் சுமார் 1 கோடி டாலர். 1,700-க்கும் மேல தியேட்டர். முதல் வாரக் கடைசியில் 42 லட்சம் டாலர், எட்டாவது இடம். அமெரிக்கத் தியேட்டர்களில் மொத்தமே 1 கோடியே 8 லட்சம் டாலர்தான் தேறியிருக்கு. தியேட்டர்காரங்க பங்கு போக, விளம்பரச் செலவும் போக என்ன மிஞ்சும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. இத்தனைக்கும் இதே மைக் ஜட்ஜோட முந்தைய படம், 1996-ல் வந்த 'பீவிஸ் அண்ட் பட்ஹெட்' கார்ட்டூன் சினிமா, அமெரிக்காவில் மட்டும் 6 கோடி டாலருக்கு மேல வாரிக் குவிச்ச படம். ரூம் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். 'அட்டர் ஃப்ளாப் மாப்ள, தூங்கு'ன்னு தீர்ப்பு வந்தது.

நான் தூங்கலை. படம் பார்த்தேன். ரெண்டு தடவை!

கதைன்னு பெருசா எதுவும் கிடையாது பாஸ். பீட்டர்னு ஒரு சாஃப்ட்வேர் ஆள். பேங்க் புரோகிராம்களில் ரெண்டு இலக்கமா இருக்கிற வருஷத்தை நாலு இலக்கமா மாத்தறதுதான் வேலை. அதான், அந்த ஒய்-டூ-கே! அவனுக்கு எட்டு பாஸ். ஒரு ரிப்போர்ட்டுக்குப் புது கவர் ஷீட் வைக்க மறந்ததுக்கு வரிசையா வந்து அதையே சொல்றாங்க. (என் டைம்ஷீட் அண்ணனுக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்ததுன்னு இப்பத்தான் புரிஞ்சது!) பெரிய பாஸ் லம்பெர்க், கையில காபி கப்போட வந்து நின்னு, குரலே உயர்த்தாம, சனிக்கிழமை வந்துடு, ஞாயித்துக்கிழமையும் வந்துடுன்னு வழவழன்னு சொல்வார் பாருங்க... ஒரு வில்லன்கூட எனக்கு அவ்ளோ எரிச்சல் தந்ததில்லை. பீட்டரோட ஃப்ரெண்டு சமீர். நடிச்சவர் அஜய் நாயுடு. சமீரோட முழுப் பேரை அந்த ஆபீஸில் ஒருத்தராலயும் சொல்ல முடியாது. என் பேர்ல ஒரு 'ழி' இருக்கு. கிளையன்ட் காலில் அது என்ன பாடுபடுதுன்னு எனக்குத்தான் தெரியும். சமீர் கடுப்பாகிற ஒவ்வொரு சீனுக்கும் நான் தனியா கைதட்டினேன்.

அப்புறம் மில்டன். தடிமனான கண்ணாடி, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற பேச்சு, சிவப்புக் கலர் ஸ்டேப்ளர். அவரோட டேபிளை அங்கே மாத்து, இங்கே மாத்துன்னு தள்ளித் தள்ளிக் கடைசியில் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமுக்கே அனுப்பிடுவாங்க. ஸ்டேப்ளரையும் லம்பெர்க் பிடுங்கிடுவார். இதில் கொடுமை என்னன்னா, மில்டனை அஞ்சு வருஷம் முன்னாடியே வேலையை விட்டுத் தூக்கியாச்சு. யாரும் அவர்கிட்ட சொல்லலை. கணக்குப் பிரிவில் ஒரு கோளாறால சம்பளம் வந்துட்டே இருந்திருக்கு. இப்பவும் யாரும் சொல்லப் போறதில்லை. கோளாறை மட்டும் சரி பண்ணிட்டாங்க. ஒன்றரை மணி நேரப் படத்தில் எனக்கு வயித்தைப் பிசைஞ்ச இடம் அதுதான்.

இவ்ளோ நல்ல படம் ஏன் ஊத்திச்சு?

1999-ல் ஆபீஸை வெறுத்த ஆட்களைப் பத்தி அமெரிக்காவில் வரிசையா படங்கள் வந்திருக்கு. 'மேட்ரிக்ஸ்' ஹீரோ நியோ பகல்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனித் தடுப்புக்குள்ள உட்கார்ந்திருக்கிறவன்தான். அமெரிக்காவில் மட்டும் 17 கோடி டாலர் வசூல். 'அமெரிக்கன் பியூட்டி' ஹீரோ வேலையைத் தூக்கியெறிவார். 13 கோடி டாலர் வசூல், கூடவே சிறந்த படத்துக்கான ஆஸ்கர். 'ஃபைட் கிளப்' மட்டும் செலவு 6 கோடிக்கு மேல, அமெரிக்க வசூல் 3 கோடியே 70 லட்சம்னு அடி வாங்குச்சு. ஆக, 'ஆபீஸ் கதைன்னா யாரும் வர மாட்டாங்க'ன்னு சொல்ல முடியாது. நியோவுக்குத் துப்பாக்கி இருந்தது, பறந்து பறந்து அடிச்சான். டிரெய்லருக்கு அது போதும். லம்பெர்க் காபி கப்போட நிக்கிறதை வெச்சு அரை நிமிஷ டிரெய்லர் எப்படி வெட்டறது? அந்தக் காமெடி ரெண்டாவது தடவை, மூணாவது தடவை அவர் வரும்போதுதான் ஏறும். போஸ்டரைப் பாருங்க... உடம்பு பூரா மஞ்சள் ஒட்டுச் சீட்டு ஒட்டின ஒரு ஆள். ஸ்டேஷனரி கடைத் திறப்பு விழா நோட்டீஸ் மாதிரி இருக்கு. 'ஃப்ரெண்ட்ஸ்' சீரியல் உச்சத்தில் இருந்தப்போ ஜெனிஃபர் அனிஸ்டன் நடிச்ச படம் சார் இது. அப்படியும் காத்தாடியிருக்கு.

எனக்குத் தோணறது வேற ஒண்ணு. அஞ்சு நாள் லம்பெர்க்கிட்ட மாட்டிக்கிட்டவன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, இருட்டுல உட்கார்ந்து மறுபடியும் லம்பெர்க்கையா பார்ப்பான்? அந்தப் படத்துக்குச் சொந்தக்காரங்க அன்னிக்கு டயர்டா வீட்டில் கிடந்திருப்பாங்க. ஒருத்தன் பார்த்துட்டு திங்கட்கிழமை லஞ்ச் டேபிளில் சொல்லி, அதைக் கேட்டு இன்னொருத்தன் கிளம்பறதுக்குள்ள தியேட்டர்ல வேற படம் மாத்திட்டாங்க.

லஞ்ச் டேபிள் பேச்சு மட்டும் நிக்கலை. வீடியோ கேசட், டிவிடி வந்ததும் லட்சக்கணக்கில் வித்திருக்கு. 2001-லேயிருந்து 'காமெடி சென்ட்ரல்' சேனல் திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. பீட்டரும் ஃப்ரெண்ட்ஸும் மக்கர் பண்ற பிரின்டரை வயல்வெளிக்குத் தூக்கிட்டுப் போய் அடிச்சு நொறுக்குவாங்களே, அந்த சீனைக் காலேஜ் பசங்க காப்பியடிச்சு வீடியோ எடுத்துத் தள்ளியிருக்காங்க. எல்லாத்துக்கும் மேல அந்த ஸ்டேப்ளர். ஸ்விங்லைன் கம்பெனி அப்போ சிவப்புக் கலரில் ஸ்டேப்ளரே விக்கலை. படத்துக்காக பெயின்ட் அடிச்சதுதான் அது. ஜனங்க போய் 'மில்டன் ஸ்டேப்ளர் குடு'ன்னு கேட்கப் போய், 2002-ல் கம்பெனியே சிவப்பு ஸ்டேப்ளரை மார்க்கெட்டில் இறக்கிடுச்சு. எங்க ரூம் வசூல் கணக்கில் இதுக்கெல்லாம் காலமே இல்லை.

இதையெல்லாம் குரூப்பில் கொட்டினேன். 'சரி வக்கீல் சார்'னு ஒரு பதில். அவ்ளோதான்.

அடுத்த சனிக்கிழமை சேலத்துக்குப் போனேன். அப்பா ஒரு பார்சல் ஆபீஸில் கிளார்க். இருபத்தி நாலு வருஷமா அதே ஆபீஸ். எல்.ஆர். காப்பி, இன்வாய்ஸ், இ-வே பில் எல்லாத்தையும் சேர்த்து பின் அடிச்சு டிரைவர் கையில் கொடுக்கிறவரைக்கும் அவர் பொறுப்பு. இங்கிலீஷ் படம்னா அவருக்கு ஜாக்கிசானோட சரி. 'ஆபீஸ் படம்ப்பா, செம காமெடி'ன்னு கட்டாயப்படுத்தி லேப்டாப் முன்னாடி உட்கார வெச்சேன். ஒவ்வொரு வசனமா நான் தமிழ்ல சொல்லச் சொல்ல, லம்பெர்க்கைப் பார்த்து அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். 'எங்க மேனேஜரும் இப்படித்தான் கண்ணு... ''ஒண்ணுமில்ல, சும்மா ஒரு நிமிஷம்''னு ஆரம்பிப்பாரு. அப்புறம் ராத்திரி பத்து மணி ஆயிரும்!'

மில்டன் டேபிளைத் தள்ளிட்டுப் போற சீன் வந்தது. சிரிப்பு நின்னுடுச்சு. ஸ்டோர் ரூமில் லைட்டை அணைச்சுட்டு மில்டனைத் தனியா விட்டுட்டுப் போவாங்க. அப்பா எழுந்து, 'கரண்ட் பில் கட்டணும்டா, மறந்தே போச்சு'ன்னு சட்டையை மாட்டிட்டுக் கிளம்பிட்டார். ராத்திரி எட்டரை மணிக்கு எங்க ஊர்ல எந்த ஆபீஸ்ல கரண்ட் பில் வாங்கறாங்க?

அம்மாதான் சொன்னாங்க. ஆறு மாசம் முன்னாடி ஆபீஸில் புதுசா கம்ப்யூட்டர் டேபிள் போட்டப்போ, அப்பாவோட மேஜையை ஜன்னல் பக்கத்திலேயிருந்து எடுத்து, மாடிப்படிக்குக் கீழே, பழைய எல்.ஆர். புக் கட்டு அடுக்கி வெச்சிருக்கிற இடத்தில் போட்டுட்டாங்களாம். ஃபேன் கிடையாது. 'நிமிர்ந்தா படி தலையில இடிக்குதுன்னு ஒருநாள் சொன்னாரு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாரு. நீ ஏ.சி. ஆபீஸ் கதை சொல்லிட்டு இருந்தியா, சங்கடப்படுவேன்னு...'

ஏ.சி. குளிரு தாங்கலைன்னு நான் போன்ல சீன் போட்டதெல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு. அப்பாவோட டிஃபன் பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே அவரோட கங்காரு ஸ்டேப்ளர். முதுகில் ஒயிட்னரால அவர் பேரோட முதல் எழுத்து. தினமும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடறார் போல. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனிச்சதே இல்லை.

அப்பா ஒன்பதரைக்குத் திரும்பி வந்தார். நானும் எதுவும் கேட்கலை, அவரும் எதுவும் சொல்லலை. தோசை சாப்பிட்டோம். ஞாயிறு ராத்திரி பஸ் ஏத்திவிட வந்தப்போ மட்டும், 'உன் ஆபீஸ்ல உனக்குன்னு தனி மேஜை இருக்கா?'ன்னு கேட்டார். இன்டர்ன்களுக்கு நீளமா ஒரே டேபிள்தான். காலையில எவன் முதல்ல வர்றானோ அவனுக்கு ஜன்னல் சீட். 'இருக்குப்பா'ன்னு பொய் சொல்லிட்டேன்.

இன்டர்ன்ஷிப் முடியும்போது பதினோரு பேரில் நாலு பேருக்கு வேலை உறுதின்னு சொன்னாங்க. அதில் நான் இல்லை. கஷ்டமாத்தான் இருந்தது, அம்மாகிட்டே சொல்றதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. ரூம் குரூப்பில் நியூஸ் போட்டேன். 'ஓப்பனிங் வீக்கெண்ட் வீக்கு மாப்ள... டிவிடி ரிலீஸ்ல பிக்கப் ஆகிடும்'னு ஒருத்தன் ஆறுதல் சொன்னான். பாவிப் பய, நான் கொட்டினதையெல்லாம் படிச்சிருக்கான்!

போன வியாழக்கிழமை அப்பாகிட்டேயிருந்து போன். சாப்பாடு, மழை, செமஸ்டர் எல்லாம் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் இழுத்தார். அப்புறம், 'ஏன்டா கண்ணு... அந்த ஸ்டேப்ளர்காரன் கடைசியில என்ன ஆனான்?'

சொன்னேன். ஆபீஸ் பத்தி எரிஞ்சு போனது, மில்டன் கைக்குப் பணம் வந்தது, கடற்கரை ஹோட்டலில் உட்கார்ந்து அவர் கேட்ட மாதிரி டிரிங்க்ஸ் வரலைன்னு முணுமுணுக்கிறது... எல்லாத்தையும்.

'அங்க போயும் குறையா!' அப்பா சிரிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. 'படம் நல்லா ஓடுச்சா?'

'இல்லப்பா. தியேட்டர்ல ஊத்திக்கிச்சு.'

'அப்படியா... சரி, நீ சனிக்கிழமை வரும்போது லேப்டாப்பை எடுத்துட்டு வா. எங்க புக்கிங் கிளார்க்கையும் கோடவுன் பசங்க ரெண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். அவங்களுக்கும் நீதான் தமிழ்ல சொல்லணும்.'

பின்னாடியிருந்து அம்மா குரல், 'மொத்தம் எத்தனை பேருன்னு சரியா சொல்லுங்க, பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கணும்.'